வருஷத்துக்கு மூன்று முறை வருபவர்

அனாமி ஷிகெயுக்கி எங்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தது 2012ஆம் வருஷம் ஏப்ரலில். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பை. வாசலில் செருப்பைக் கழற்றித் திருப்பி வைத்துவிட்டு, இடுப்பு வளையக் குனிந்து, என் பெயரோடு மரியாதைக்கு 'சான்' சேர்த்து வணங்கினார்.

"மூணு வருஷம்தான், ஒபாரா-சான். அதுவரைக்கும் உங்களுக்குத் தொந்தரவு."

மூன்று வருஷம் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டு வருவார்கள். அவர் பன்னிரண்டு வருஷம் இருந்தார்.

வடக்கே இவாத்தே மாகாணத்தில் இருக்கும் கித்தகாமியில் தொழிற்சாலைகள் அதிகம். எங்கள் விடுதி ஒரு கணினிச் சிப் தொழிற்சாலைக்குச் சொந்தமானது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக மாற்றலாகி வந்த ஆண்கள் இருபத்திரண்டு பேர் மேல் இரண்டு தளங்களில் இருந்தார்கள். நான் அவர்களுக்குக் காலையும் மாலையும் சமைப்பவள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் இறந்துபோன மறு வருஷம் இந்த வேலைக்கு வந்து, கீழ்த்தளத்து அறையிலேயே குடியேறிவிட்டேன்.

அனாமிக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. ஒல்லி, நெட்டை, பேச்சு குறைவு. இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் வேலை. சொந்த ஊர் தெற்கே, கியூஷுவில், ஓயிட்டா மலைகளுக்குள்ளே ஒரு வெந்நீர் ஊற்று ஊர். அவர் மனைவி மிசாவோ அங்கே எட்டு அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதி நடத்திவந்தாள். அவள் அம்மா வைத்துவிட்டுப் போனது. குழந்தைகள் இல்லை. அனாமி வேலை பார்த்த கியூஷு தொழிற்சாலையின் பாதி இயந்திரங்களை இங்கே கொண்டுவந்தபோது அவரையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். விடுதியைத் தூக்கிக்கொண்டு மிசாவோ எப்படி வருவாள்?

வந்த முதல் வாரமே அவர் ஒரு காரியம் செய்தார். ஒரு பெரிய தாளில் வருஷம் முழுக்கக் கட்டம் போட்டு, அரசு விடுமுறைகளுக்குச் சிவப்பு, தொழிற்சாலை மூடும் நாட்களுக்கு நீலம், சம்பளத்தோடு எடுக்கக்கூடிய விடுப்புக்குப் பச்சை என்று வண்ணம் தீட்டினார். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை கோல்டன் வீக். ஆகஸ்ட் நடுவில் செத்துப்போனவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் ஓபோன். பிறகு வருஷக் கடைசி. இந்த மூன்று சமயங்களில்தான் நாடே ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பும். கித்தகாமியிலிருந்து புல்லட் ரயிலில் டோக்கியோ, அங்கிருந்து விமானம், அதன்பிறகு பஸ், கடைசியில் மலைப்பாதையில் மிசாவோவின் வேன். விடிகாலையில் கிளம்பினால் சாயங்காலம் போய்ச் சேரலாம், இடம் கிடைத்தால். ரயில் இருக்கைகளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்னால் காலை பத்து மணிக்குத்தான் விற்பனை தொடங்கும். அனாமி அன்று அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்கே நிலையத்தில் நிற்பார்.

கொஞ்ச நாளில் விடுதியில் இருக்கும் எல்லோரும் அவரிடம்தான் வந்தார்கள். எந்த நாளில் விடுப்பு எடுத்தால் எதோடு எது சேரும், எந்த ரயிலில் கூட்டம் ஒரு நூலாவது குறையும் என்று அவருக்குத்தான் தெரியும். பிப்ரவரி தொடக்கத்தில் அடுத்த வருஷத்தின் விடுமுறைப் பட்டியல் முழுதாக வரும். இரவும் பகலும் சமமாகிற அந்த இரண்டு நாட்களை வானியல்காரர்கள் கணக்குப் போட்டுச் சொன்ன பிறகுதான் அரசே அறிவிக்கும். அன்று சாயங்காலம் சாப்பாட்டு அறையில் அனாமியைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். நீகாத்தாக்காரர் தொகாஷிதான் அதில் வாயாடி.

"அனாமி-சான், என் பொண்டாட்டி எந்த வாரத்துல நல்ல மனசோட இருப்பான்னு உங்க தாள்ல போட்டிருக்கா?"

"அதுக்கு வானிலை ஆபீஸ்லதான் கேக்கணும்."

"அவங்க புயலத்தான் சொல்லுவாங்க. அது எனக்கே தெரியும்."

எல்லோரும் சிரிப்பார்கள். அனாமியும் சிரிப்பார். ஆனால் பென்சிலை எடுத்து, தொகாஷியின் இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளி எப்போது மூடும் என்று கேட்டு, அதற்குத் தகுந்தமாதிரி அவருக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இதில் ஒரு கோணல் இருந்தது. எனக்கே அது ஒன்றிரண்டு வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அவருடைய தொழிற்சாலை மூடும் அதே நாட்களில்தான் மிசாவோவின் விடுதி நிரம்பி வழியும். ஊர் உலகமெல்லாம் ஓய்வெடுக்க அவள் வீட்டுக்குத்தானே வருகிறது! மற்ற நாட்களில் எட்டு அறையில் மூன்றுக்கு ஆள் இருந்தாலே பெரிது. ஆக, அனாமி ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் நெரிசலில் நின்று போய் இறங்கும்போது, மனைவி வாசலில் வேறு யாரையோ வணங்கி வரவேற்றுக்கொண்டிருப்பாள்.

2015 செப்டம்பரில் ஐந்து நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தது. முதியோர் தினத்துக்கும் சமப்பகல் நாளுக்கும் நடுவே ஒரே ஒரு நாள் மாட்டிக்கொண்டால் அதுவும் விடுமுறையாகிவிடும். சில்வர் வீக் என்பார்கள். அது எல்லா வருஷமும் அமையாது. அனாமி ஒரு வருஷத்துக்கு முன்பே அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"இது அடுத்தது பதினோரு வருஷம் கழிச்சுத்தான் வரும், ஒபாரா-சான்" என்றார், ஏதோ வால் நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்வதுபோல.

போய்விட்டு வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"மெத்தை அடுக்கற அறையில படுத்துக்கிட்டேன். எங்க ரூமையும் ஆளுங்களுக்கு விட்டுட்டா."

"அஞ்சு நாளுமா?"

"அஞ்சு நாளும். காலையில செருப்பு எடுத்து வைப்பேன். பெட்டி தூக்குவேன். ஒரு வயசான அம்மா காகிதத்துல காசு மடிச்சுக் கையில வெச்சாங்க. 'இங்க எவ்வளவு நாளா வேலை பாக்கறீங்க?'ன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருபத்திரண்டு வருஷமாச்சுன்னு சொன்னேன். கல்யாணம் ஆகி அவ்வளவுதான் ஆச்சு. 'அப்ப முதலாளியம்மாவுக்கு உங்கமேல நல்ல நம்பிக்கைதான்'னாங்க. மிசாவோ பக்கத்துல நின்னு கேட்டுட்டா. அஞ்சு நாள்ல அவ சிரிச்சுப் பாத்தது அப்ப ஒரு தடவைதான்."

அந்த ஊர் மளிகைக்கடைக்காரர் அவருக்கு ஒரு பட்டப்பெயரே வைத்திருந்தாராம்: வருஷத்துக்கு மூணு தடவை வர்றவர். அனாமி அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் சட்டியைத் தேய்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்று வருஷம் ஐந்தாயிற்று. 2017இல் அவர் ஒரு புதுக் கணக்குப் போட்டார். ஜூன் மாதத்தில் ஒரு விடுமுறைகூடக் கிடையாது. மழைக்காலம். யாரும் எங்கும் போகமாட்டார்கள். மிசாவோவின் விடுதி காலியாக இருக்கும். பச்சை நாட்களையெல்லாம் சேர்த்து ஜூனில் ஒரு வாரம் கேட்டார். பிரிவுத் தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தாராம்.

"ஜூன்ல சிவப்பு நாளே கிடையாதேப்பா. அப்ப எதுக்கு லீவு?"

"அதனாலதான் சார்."

"வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். எல்லாரும் நல்லா இருக்காங்க."

"அப்புறம் என்னய்யா?"

மனைவியைப் பார்க்க வேண்டும் என்பதை அந்த மேஜைக்கு முன்னால் நின்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கடைசியில் கூரை ஒழுகுகிறது என்று ஏதோ சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

சொன்னதுபோலவே ஆகிவிட்டது. ஆள் இல்லாத ஜூனில்தான் மிசாவோ வருஷத்துப் பழுதையெல்லாம் பார்ப்பாளாம். பாய் மாற்றுகிறவர்கள் ஒருநாள், கொதிகலன் சுத்தம் செய்கிறவர்கள் ஒருநாள், கூரைக்காரன் இரண்டு நாள். அனாமி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்தாம் நாள் சாயங்காலம் வேலைக்காரர்கள் எல்லோரும் போய்விட, இருவரும் தாழ்வான மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். வெளியே மழை. அவர் சொல்வதற்கென்று எத்தனையோ மாதமாகச் சேர்த்து வைத்திருந்தார். இங்கே ஆற்றங்கரைச் செர்ரி மரங்கள், பனியில் தான் சறுக்கி விழுந்தது, என் சமையல், தொகாஷியின் நையாண்டி. செர்ரி மரத்தில் தொடங்கினார். பாதியில் நிமிர்ந்து பார்த்தால், மிசாவோ தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.

"எழுப்பலாம்னு தோணிச்சு," என்றார் என்னிடம். "மனசு வரல. கோப்பைய மெல்ல எடுத்துட்டு, மேல கோட்டு ஒண்ணப் போத்தி விட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. மறுநாள் பஸ்."

2019இல் புதுச் சக்கரவர்த்தி பதவியேற்றதற்காக அரசு நாட்களைக் கூட்டி, கோல்டன் வீக் முழுசாகப் பத்து நாள் ஆயிற்று. விடுதியில் எல்லோரும் தலைகால் புரியாமல் திரிந்தார்கள். அனாமி பதினாறு பேருக்கு நாள் குறித்துக் கொடுத்தார். தனக்கும் டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது மிசாவோ கூப்பிட்டாள். அவர் சாப்பாட்டு அறையில்தான் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற எனக்கே அவள் குரல் கம்மிப்போயிருப்பது கேட்டது. பத்து நாளும் எட்டு அறையும் நிரம்பிவிட்டது, வேலைக்கு இரண்டு கல்லூரிப் பெண்களை வைத்திருக்கிறேன், மெத்தை அறையில் அவர்கள் படுத்துக்கொள்கிறார்கள் என்றாள். கடைசியில், "இந்தத் தடவை வரவேண்டாமே" என்றாள்.

"சரி. உடம்பப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அந்தப் பத்து நாளும் இருபத்திரண்டு அறையில் ஓர் அறையில்தான் விளக்கு எரிந்தது. விடுமுறையில் சமையலறையை மூடிவிட வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு நாள் அவர் கடையிலிருந்து எதையோ வாங்கிவந்து தின்றார். மூன்றாம் நாள் நான் எனக்கென்று மாவைப் பிசைந்து, பிய்த்துப் பிய்த்துக் கோழியும் முள்ளங்கியும் போட்ட சாற்றில் விட்டுக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீர் பிடிக்க வந்தவர், அடுப்பைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது எங்க ஊர்ல செய்யறதாச்சே!"

"எங்க ஊர் இவாத்தே. இது இங்கத்துச் சாப்பாடு."

"எங்க பக்கம் மிசோ விழுது போட்டு, மாவ நீளமா இழுத்து விடுவாங்க."

"இழுத்து விடுங்க பாக்கலாம்."

கையைக் கழுவிக்கொண்டு வந்து மாவை எடுத்து, இரண்டு கையாலும் இழுத்துப் பட்டையாக்கிக் கொதிக்கிற சாற்றில் விட்டார். நன்றாகவே வந்தது. அன்றிலிருந்து விதியை நான் கொஞ்சம் மறந்துவிட்டேன். மாலை ஐந்தரைக்கு இரண்டு கிண்ணம் வைப்பேன். டி.வி.யில் நெடுஞ்சாலையில் முப்பது கிலோமீட்டர் நெரிசல் என்று காட்டுவார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டே சாப்பிடுவோம். பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம்.

அடுத்த வருஷம் அந்த நோய் வந்தது.

2020 ஏப்ரலில் மிசாவோவின் விடுதிக்கு வர இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வேண்டாம் என்றார்கள். கடைசியில் ஓர் ஆள்கூட மிஞ்சவில்லை. அவள் கதவைச் சாத்தினாள். தொழிற்சாலையும் சனி ஞாயிற்றைச் சேர்த்துப் பன்னிரண்டு நாள் விடுமுறை விட்டது. எட்டு வருஷமாக அவர் தாளில் தேடிக்கொண்டிருந்தது தானாக வந்து சேர்ந்தது. இருவருக்கும் ஒரே சமயத்தில் ஓய்வு. ஆனால் யாரும் மாகாண எல்லையைத் தாண்டக்கூடாது என்று தொழிற்சாலை சுற்றறிக்கை ஒட்டிவிட்டது.

மிசாவோ தினமும் கூப்பிட்டாள். வேலையில்லாமல் அவளுக்குக் கையும் காலும் ஓடவில்லை.

"இங்க ஊற்றுத் தண்ணி மட்டும் நிக்காம ஓடிட்டே இருக்கு," என்றாள் ஒருநாள். "குளிக்க ஆள் இல்ல. நான் ஒருத்தியே பெரிய தொட்டியில உக்காந்திருக்கேன். வாங்களேன்."

"வரக்கூடாதுன்னு ஒட்டியிருக்காங்க."

"தெரியும். சும்மா சொல்லிப் பாத்தேன்."

அப்போது நாட்டிலேயே இவாத்தேயில்தான் ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை. முதல் ஆள் என்ற பெயரை வாங்கிக்கொள்ள யாருக்கும் துணிச்சல் இல்லை. வெளியூர் எண் பலகை வைத்த கார் நின்றாலே ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். மிசாவோவின் ஊரும் அப்படித்தான். வடக்கேயிருந்து ஓர் ஆள் வந்து இறங்கினால், அந்த விடுதிப் பக்கம் பிறகு யார் போவார்கள்?

மே இரண்டாம் தேதி காலையில் நான் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அனாமி பெட்டியோடு இறங்கி வந்தார். முகக்கவசம், தொப்பி. என்னைப் பார்த்ததும் நின்றார்.

"கடைக்கா?" என்றேன், பெட்டியைப் பார்க்காத மாதிரி.

"ஆமா. கடைக்கு."

"சரி. போயிட்டு வாங்க."

யாரிடமும் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போகட்டும், போய்ச் சேரட்டும் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு அதே பெட்டியோடு திரும்பி வந்தார். வாசலில் உட்கார்ந்து மெதுவாகச் செருப்பைக் கழற்றினார்.

"ரயில் வந்துச்சு, ஒபாரா-சான். கதவு திறந்துச்சு. ஒரு பெட்டியில ஒரே ஒரு ஆள். எல்லா சீட்டும் காலி. மே மாசத்துல அப்படி நான் பாத்ததே இல்ல."

"ஏறியிருக்கலாமே."

"இன்னும் ரெண்டு ரயில் பாத்தேன். ரெண்டும் காலி. நான் போய் இறங்கினா பேர் கெட்டுப்போறது எனக்கில்ல, அவளுக்குத்தான். அந்த விடுதி போச்சுன்னா அவ என்ன ஆவா?"

எழுந்து கையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். பிறகு, "இன்னிக்கு என்ன சமையல்?" என்றார். மீன் பொரிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

மிசாவோவின் விடுதி ஒரு வருஷத்துக்கு மேல் திறப்பதும் மூடுவதுமாகத் தள்ளாடியது. சமையல்காரர் போய்விட்டார். அவள் சாப்பாட்டுப் பெட்டி கட்டி ஊருக்குள் விற்றாள். அனாமியின் சம்பளத்தில்தான் கூரை நின்றது. வேலையை விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று அவர் இரண்டு தடவை எழுதிக் கொடுக்கப் பார்த்தார். இரண்டு தடவையும் அவள்தான் வேண்டாம் என்றாள்.

2021 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, முன்னால் சொல்லாமல், மிசாவோவே கித்தகாமிக்கு வந்து இறங்கினாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. நான் பெரிய அண்டாவில் முள்ளங்கி நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். குள்ளமாக, கன்னம் சிவந்து, தலையில் துணி கட்டிய ஒரு பெண் சமையலறை வாசலில் வந்து நின்று, "அனாமியோட வீட்டுக்காரி" என்று வணங்கினாள். அவர் வேலையில் இருந்தார்.

"உட்காருங்க. நீங்க விருந்தாளி."

"எனக்கு உட்காரத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டாள். என்னைவிட வேகமாக நறுக்கினாள். கொஞ்சநேரம் கழித்துத் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அவர் இங்க நிறையப் பேசுவாரா?"

"நிறையன்னு இல்ல. பேசுவாரு."

"என்ன பேசுவாரு?"

"உங்க ஊரப் பத்தி. எட்டு ரூம். ஊற்று. நீங்க சிரிச்சது."

கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

நான்கு நாள் இருந்தாள். அதில் மூன்று நாள் அவருக்கு வேலை. அவள் அவருடைய அறையைத் துடைத்தாள், சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தாள், ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வந்தாள். நான்காம் நாள் காலை எல்லோரும் வேலைக்குப் போனபின், மூவரும் சாப்பாட்டு அறையில் இருந்தோம். அவர் எழுந்து போய், பார்க்காமலே அலமாரியில் கைவிட்டுச் சோயா சாஸை எடுத்து வந்தார். மிசாவோ அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க உங்களுக்கு எது எங்க இருக்குன்னு தெரியுது," என்றாள். "நம்ம வீட்டுல நீங்க கேட்டுக் கேட்டுத்தான் எடுப்பீங்க."

"அங்க நீ அடிக்கடி இடத்த மாத்தி வெச்சுடறே."

"நீங்க வர்றப்பதான் மாறியிருக்கு. மத்த நாள்ல அது அதோட இடத்துலதான் இருக்கு."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். மிசாவோ என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

"நான் விடுதிய விடமாட்டேன். நீங்களும் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு வேலைய விடக்கூடாது. விட்டா ரெண்டும் போயிடும். அதனால ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. இனிமே விடுமுறைக்கு விடுமுறை வராதீங்க. நீங்க வந்தா எனக்கு ஒன்பதாவது ரூம் ஆள் வந்த மாதிரி இருக்கு. போனப்புறம் அந்த மெத்தைய மடிக்கறப்ப எனக்கு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. வந்தா திரும்பிப் போகாத மாதிரி வாங்க."

அனாமி தலையைக் குனிந்துகொண்டு கிண்ணத்தைப் பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மத்தியான ரயிலில் அவள் போனாள்.

அவர் வாக்கு மாறவில்லை. அந்த வருஷக் கடைசியிலிருந்து ஏழு விடுமுறைக் காலங்கள் அவர் எங்கள் விடுதியை விட்டு அசையவில்லை. மற்றவர்களுக்கு நாள் குறித்துக் கொடுப்பதை மட்டும் விடவில்லை. அவர் வழியனுப்ப, எல்லோரும் பெட்டியும் பரிசுப் பொட்டலமுமாகக் கிளம்புவார்கள்.

தொகாஷி ஒருதடவை செருப்பைப் போட்டுக்கொண்டே, "ஒபாரா-சான், இந்த மனுஷன் ஊருக்குப் போகாததுக்கு உங்க மிசோ சூப்தானே காரணம்?" என்றார்.

"உங்க ரயிலுக்கு நேரமாச்சு. அங்க போய் உங்க வீட்டுக்காரம்மா சூப்பக் குடிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அவர் போகாததில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். விடுமுறை நாட்களில் அந்தக் கட்டடத்தில் இன்னொருவருடைய காலடிச் சத்தம் கேட்கிறதே என்ற சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. அது மிசாவோவிடமிருந்து எடுத்தது என்றும் எனக்குத் தெரியும். ஓர் ஓபோன் அன்று மனசு பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"ஒரு நாலு நாள் போயிட்டு வந்தா என்ன? அவங்க கோவத்துல சொன்னதை இப்படிப் பிடிச்சுக்கிட்டு உக்காரணுமா?"

"அவ கோவத்துல சொல்லல, ஒபாரா-சான். எனக்கும் அந்தத் திரும்பி வர்ற பஸ்தான் தாங்க முடியல. இருபத்தஞ்சு தடவைக்கு மேல அதுல வந்துட்டேன். அவ வேன்ல திரும்பி மேல ஏறுவா. வளைவு வரைக்கும் தெரியும். அப்புறம் தெரியாது."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவர் தினமும் சாயங்காலம் அவளிடம் போனில் பேசுவார். ஐந்து நிமிஷம். விருந்தாளிகள் எத்தனை பேர், அங்கே மழையா, இங்கே பனியா, அவ்வளவுதான்.

2024 மார்ச்சில் அவருக்கு அறுபது வயதாயிற்று, ஓய்வு பெறும் வயது. இன்னும் ஐந்து வருஷம் இருக்கலாம் என்று தொழிற்சாலை சொன்னது. மாட்டேன் என்றுவிட்டார். கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. முன்பதிவு எதுவும் செய்யவில்லை. நிலையம் வரை நானும் போனேன். நடைமேடையில் எங்களைத் தவிர நான்கைந்து பேர்தான்.

"பன்னெண்டு வருஷம் தொந்தரவு கொடுத்துட்டேன்" என்று வணங்கினார்.

"மூணுன்னு சொல்லித்தான் வந்தீங்க."

"எனக்குக் கணக்கு சரியா வராது போல."

அவர் போனபின் நான் கொஞ்சநேரம் நடைமேடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு பத்தொன்பது பேருக்கு அரிசி களைய வேண்டும் என்று நினைவு வந்து எழுந்தேன்.

மே மாதம் பத்தாம் தேதிபோல் கூப்பிட்டார். கோல்டன் வீக் முடிந்திருந்தது. குரல் கரகரவென்று இருந்தது.

"எப்படி இருக்கீங்க?"

"கால் வீங்கிப் போச்சு. முதுகு நிமிர மாட்டேங்குது. போன்ல முன்பதிவெல்லாம் நான்தான் பாக்கறேன். ரூம் இல்ல, ரூம் இல்லன்னு சொல்லிச் சொல்லித் தொண்டை போச்சு. அந்த மளிகைக்கடைக்காரர் இப்ப என்ன பேர் சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியாம முழிக்கறாரு."

சிரித்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டேன்.

"மிசாவோ-சானோட பேச நேரம் கிடைக்குதா?"

"மத்தியானம் ஒன்றரைக்கு. பழைய ஆளுங்க போயிருப்பாங்க, புது ஆளுங்க வந்திருக்க மாட்டாங்க. சமையல்கட்டுல நின்னுக்கிட்டே சாப்பிடுவோம். பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம்தானா?"

"தினமும், ஒபாரா-சான்."

பின்னால் ஒரு பெண் குரல் அவரைக் கூப்பிட்டது. கொதிகலன், தண்ணீர் என்று ஏதோ காதில் விழுந்தது. "இதோ வந்துட்டேன்" என்று அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னார். என்னிடம் விடைபெற்றுக்கொள்ள மறந்துபோய், போனை வைத்துவிட்டார்.